கேளாமல் நடந்த இணைப்பு: ஈஸ்ட் யார்க் நகரவையின் மறுப்பு

கனடாவில் ‘பரோ’ என்ற பட்டத்தோடு கடைசிவரை இருந்த ஒரே உள்ளாட்சி ஈஸ்ட் யார்க். டொரண்டோவின் டான் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி, சுமார் 21 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்களோடு அது இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த சிறிய ஒற்றைத்தள வீடுகளும், தார்ன்கிளிஃப் பார்க் போன்ற இடங்களில் புதிதாகக் குடியேறியவர்கள் நிறைந்த அடுக்குமாடிகளும் சேர்ந்த ஊர் அது. 1997இல் அந்த ஊரின் நகரவை, ஒன்டாரியோ மாகாண அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. தன்னையும் அண்டையிலிருந்த ஐந்து மாநகராட்சிகளையும் கலைத்து ஒரே மாநகராட்சியாக்க அரசு கொண்டுவந்த சட்டம் செல்லாது என்பது வழக்கு. நகரவை தோற்றது. ஆனால் அந்த மறுப்பில் சொல்லப்பட்டவற்றை இன்று திரும்பப் படிக்கும்போது, வென்ற தரப்பு சொன்னதைவிடத் தோற்ற தரப்பு சொன்னதே பெரும்பாலும் நடந்திருப்பது தெரிகிறது.

இணைப்புக்கு முன் டொரண்டோ எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1954 ஜனவரி 1 முதல் அங்கே இரண்டடுக்கு ஆட்சி நடந்தது. பதின்மூன்று உள்ளாட்சிகள் தத்தம் நகரவைகளை வைத்துக்கொண்டே, ‘மெட்ரோ’ என்ற பொது அவையின் கீழ் வந்தன. அதன் முதல் தலைவர் ஃபிரெடரிக் கார்டினர். நகரின் தென்புறத்தில் ஓடும் விரைவுச்சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான். குடிநீர், கழிவுநீர், பெருஞ்சாலைகள், பொதுப் போக்குவரத்து ஆகியவை மெட்ரோவின் பொறுப்பு. 1957இல் காவல்துறையும் ஒன்றானது. தெருவிளக்கு, குப்பை, பூங்கா, தீயணைப்பு, உள்ளூர்க் கட்டட அனுமதி போன்றவை ஊர் நகரவைகளிடம் இருந்தன. 1967இல் பதின்மூன்று ஆறாகச் சுருங்கியது: டொரண்டோ, நார்த் யார்க், ஸ்கார்பரோ, இடோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க். பிற நாட்டு நகர நிர்வாகிகள் வந்து பார்த்துப் பாடம் படித்த ஏற்பாடு அது. பணக்கார மையநகரின் வரிப்பணம் மெட்ரோ வழியாகப் புறநகர்களின் குழாய்களுக்கும் சாலைகளுக்கும் போனது. அதே சமயம், வீட்டு வாசலில் குப்பை எடுக்கவில்லை என்றால் யாரிடம் கேட்பது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

1990களில் குறை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குறை மெட்ரோவின் எல்லைக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே இருந்ததுதான் அதிகம். மிஸ்ஸிஸாகா, பிராம்ப்டன், மார்க்கம் என்று சுற்றுப்புறம் வேகமாக வளர்ந்து, பெருநகரப் பகுதியின் ஏறக்குறைய பாதிப்பேர் மெட்ரோவுக்கு வெளியே வசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வேலைக்கு உள்ளே வந்தார்கள். அவர்களையும் உள்ளடக்கித் திட்டமிட, போக்குவரத்தை ஒழுங்குபடுத்த, வரிச்சுமையைப் பகிர ஓர் அமைப்பு இல்லை. முந்தைய புதிய ஜனநாயகக் கட்சி அரசு ஆன் கோல்டன் தலைமையில் அமைத்த குழு 1996 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதன் சாரம்: இடையிலுள்ள ஐந்து வட்டார அரசுகளை நீக்கி, பெருநகரப் பகுதி முழுமைக்கும் ஒரு பொது அவை வேண்டும், ஊர் நகரவைகள் இருக்கட்டும்.

அறிக்கை வந்தபோது ஆட்சி மாறியிருந்தது. 1995இல் வரிக்குறைப்பையும் அரசுச் சுருக்கத்தையும் முன்வைத்து வென்ற மைக் ஹாரிஸின் பழமைவாதக் கட்சி, கோல்டன் குழு சொன்னதற்கு நேரெதிரான வழியில் போனது. ஒருங்கிணைப்பு இல்லாத வெளிப்பகுதியை அது தொடவில்லை. ஒருங்கிணைப்பு ஏற்கெனவே இருந்த மெட்ரோவை எடுத்து, அதிலுள்ள ஆறு நகரவைகளைக் கலைத்து ஒன்றாக்கியது. வெளிப்பகுதிதான் ஹாரிஸ் கட்சியின் வாக்குவங்கி என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. 1995 தேர்தலில் அந்தக் கட்சி இந்த இணைப்பைப் பற்றி மக்களிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

1996 டிசம்பர் 17 அன்று நகராட்சித் துறை அமைச்சர் ஆல் லீச் திட்டத்தை அறிவித்தார். சட்டமூலத்தின் எண் 103. 1998 ஜனவரி 1 அன்று ஆறு நகரவைகளும் மெட்ரோ அவையும் மறைந்து, சுமார் 24 லட்சம் மக்களுக்கு ஒரே மாநகராட்சி. அரசு அமர்த்திய கே.பி.எம்.ஜி. ஆலோசனை நிறுவனம், நிலைபெற்ற பிறகு ஆண்டுக்கு 30 கோடி டாலர் வரை மிச்சமாகும் என்று கணித்தது. மெட்ரோவின் செலவிலும் சேவையிலும் பெரும்பங்கு ஏற்கெனவே பொதுவாகிவிட்டது, மீதியையும் சேர்த்துவிடுவோம், மேயர்களும் உறுப்பினர்களும் குறைவார்கள், பணம் மிஞ்சும் என்பது அரசின் வாதம். இடைக்காலத்தில் ஆறு நகரவைகளின் செலவுகளைக் கண்காணிக்கத் தனி அறங்காவலர்களையும் அரசு நியமித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த நகரவை, ஒரு வரவுசெலவு முடிவுக்கு, மக்கள் தேர்ந்தெடுக்காத மூவரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஈஸ்ட் யார்க் போன்ற சிறு நகரவைகளை இது எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நகரவைகள் மூன்று விதமாகப் பதில் சொன்னன: மாற்றுத் திட்டம், மக்கள் வாக்கெடுப்பு, வழக்கு.

மாற்றுத் திட்டத்தை அரசு ஏற்கவில்லை. நீக்குவதானால் மேலடுக்கை நீக்குங்கள், ஊருக்கு நெருக்கமானதை விட்டுவையுங்கள் என்பதே மேயர்களின் வாதத்தின் மையம். அது ஓர் எதிர்த்தரப்பின் வெறும் மறுப்பாக நிற்கவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். கலைப்புக்கு ஆளாகும் நகரவை எதிர்ப்புச் சொன்னால், ‘நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள்’ என்று ஒதுக்கிவிடுவது எல்லா நாட்டிலும் எளிது. டொரண்டோவிலும் அதைத்தான் அரசு சொன்னது.

1997 மார்ச் 3 அன்று ஆறு ஊர்களிலும் வாக்கெடுப்பு முடிந்தது. அவசரத்தில் ஏற்பாடு செய்தது. முறையும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஓரிடத்தில் அஞ்சலில், ஓரிடத்தில் தொலைபேசியில், ஓரிடத்தில் சாவடியில் வாக்களித்தார்கள். ஆறு ஊரிலும் இணைப்புக்கு எதிராகவே பெரும்பான்மை வந்தது. மொத்தத்தில் வாக்களித்தவர்களில் 76 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். முறை சீராக இல்லை என்பது நியாயமான குறைதான். ஆனால் அதைச் சொன்ன அரசு, முறையான வாக்கெடுப்பொன்றைத் தானே நடத்தியிருக்கலாம். அது நடத்தவில்லை. இந்த முடிவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டு மேலே போனது.

நகரவைகளுக்கு வெளியே, முன்னாள் மேயர் ஜான் சீவெல் முன்னின்று நடத்திய ‘உள்ளூர் ஜனநாயகத்துக்கான குடிமக்கள்’ இயக்கம் வாரந்தோறும் பெருங்கூட்டங்களைக் கூட்டியது. நகரங்களைப் பற்றி எழுதி உலகப் புகழ்பெற்ற ஜேன் ஜேகப்ஸ் அப்போது டொரண்டோவாசி. அவரும் சட்டமூலத்துக்கு எதிராகச் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். பிப்ரவரியில் மக்கள் யங் தெருவின் வழியே ஊர்வலம் போனார்கள். 1837இல் டொரண்டோவின் முதல் மேயர் வில்லியம் லயன் மெக்கன்ஸி, மக்களுக்குப் பொறுப்பில்லாத ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சிக்காரர்களை நடத்திச் சென்ற அதே தெரு அது. நடந்தவர்களில் பலர் வலதுசாரிகளும்கூட. வீட்டுச் சொந்தக்காரர்கள், கடைக்காரர்கள், குடியிருப்போர் சங்கங்கள் என்று பழமைவாதக் கட்சிக்கு வழக்கமாக வாக்களிப்பவர்களும் அதில் இருந்தார்கள்.

எதிர்ப்பின் சூட்டைக் கூட்டிய இன்னொன்றும் அந்த ஜனவரியிலேயே நடந்தது. சமூக உதவித்தொகை, சமூக வீட்டுவசதி, பொதுப் போக்குவரத்து ஆகியவற்றின் செலவில் பெரும்பகுதியை மாகாணம் உள்ளாட்சிகளின் சொத்து வரியின்மேல் ஏற்றுவதாக அறிவித்தது. உள்ளாட்சி-மாகாணப் பொறுப்புகளைப் பிரித்தறிய அரசே அமைத்த குழுவின் தலைவர், முன்னாள் மேயர் டேவிட் குராம்பி, உதவித்தொகையைச் சொத்து வரியில் கட்டுவது தவறு என்று வெளிப்படையாகவே மறுத்தார். வறுமை கூடும் காலத்தில்தான் உதவித்தொகைச் செலவு கூடும். அந்தக் காலத்தில்தான் உள்ளாட்சியின் வருவாயும் இறுகும். ஆறு நகரவைகளை ஒன்றாக்கி, அதன் தலையில் இந்தச் சுமையையும் வைத்த பிறகு, இணைப்பு பணம் மிச்சம் செய்ததா என்று கணக்குப் பார்ப்பதே கடினமாகிவிட்டது. ஏறிய வரி எதனால் ஏறியது என்று குடிமகனால் பிரித்தறிய முடியாது.

சட்டமன்றத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1997 ஏப்ரல் தொடக்கத்தில் புதிய ஜனநாயகக் கட்சியும் லிபரல் கட்சியும் பல்லாயிரம் திருத்தங்களைக் கொண்டுவந்தன. டொரண்டோவின் தெருப் பட்டியலைக் கணினியில் போட்டு, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு திருத்தம்: இந்தத் தெருவின் மக்களைக் கலந்தாலோசிக்காமல் சட்டம் நடைமுறைக்கு வரக்கூடாது. அகர வரிசையில் ஒவ்வொன்றும் வாசிக்கப்பட்டது, ஒவ்வொன்றின்மேலும் வாக்கெடுக்கப்பட்டது. அவை இரவுபகலாக ஏப்ரல் 11 வரை நீண்டது. உறுப்பினர்கள் முறைவைத்துத் தூங்கினார்கள். இடோபிகோவிலுள்ள கேஃபன் கோர்ட் என்ற சிறு தெருவின் முறை வந்தபோது அரசுத் தரப்பு எதிர்த்து வாக்களிக்கத் தவறியது. அந்தத் தெருவாசிகளுக்கு மட்டும் கலந்தாலோசிக்கப்படும் உரிமை சட்டமூலத்தில் ஏறிவிட்டது. பிறகு அரசு தனித் திருத்தம் கொண்டுவந்து அதையும் எடுத்தது. 24 லட்சம் பேரில் ஒரு தெருவுக்கு, அதுவும் தவறிப்போய், சில நாள் மட்டும் கிடைத்த உரிமை அது. எதிர்க்கட்சிகளின் உத்தியைக் காலவிரயம் என்று அன்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருப்பெயர்கள் ஒவ்வொன்றாகச் சட்டமன்றக் குறிப்பில் ஏறியதால், யாரைக் கேட்காமல் இது நடக்கிறது என்பதற்கு ஓர் அதிகாரப்பூர்வமான பதிவு கிடைத்தது.

அதே மாதம் சட்டம் நிறைவேறியது. மிஞ்சியது நீதிமன்றம்.

‘ஈஸ்ட் யார்க் எதிர் ஒன்டாரியோ’ வழக்கை நீதிபதி போரின்ஸ் விசாரித்து 1997 ஜூலையில் தள்ளுபடி செய்தார். அரசு நடந்துகொண்ட விதம் துணிச்சல் மிகுந்ததாகவே இருக்கலாம், ஆனால் அதற்குத் தீர்ப்புச் சொல்லும் இடம் நீதிமன்றம் அல்ல என்பது அவர் நிலை. சட்டக் காரணம் தெளிவானது. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 92(8)ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளை முழுக்க மாகாணச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுத்துகிறது. உள்ளாட்சிக்குத் தனியான அரசியலமைப்பு நிலை கிடையாது. மாகாணம் தந்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு. தந்ததை மாகாணம் எடுக்கலாம், அமைப்பையே அழிக்கலாம், மக்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கனடாவில் உள்ளாட்சிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது. சட்டப்படி அதில் குற்றம் காண்பது கடினம். ஆனால் குதிரை பூட்டிய வண்டிகளின் காலத்தில், நாட்டில் நகரங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருந்தபோது எழுதிய ஒரு பிரிவு, பல மாகாணங்களைவிடப் பெரிய மக்கள்தொகை கொண்ட மாநகரின் கதியை முடிவு செய்கிறது என்பது சட்டம் திருத்தப்பட வேண்டியதற்கே சான்று.

1997 நவம்பரில் புதிய மாநகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. இணைப்பை எதிர்த்திருந்த நார்த் யார்க் மேயர் மெல் லாஸ்ட்மன், பழைய டொரண்டோவின் மேயர் பார்பரா ஹாலைத் தோற்கடித்து முதல் மேயரானார்.

பணம் மிஞ்சியதா? இணைப்பை நடத்தி முடிக்கவே 27 கோடி டாலருக்குமேல் ஆனது. ஆறு நகரவைகளிலும் ஒரே வேலைக்கு வெவ்வேறு சம்பளம் இருந்தது. ஒரே மாநகராட்சியானதும் சம்பளம் எந்தப் பக்கம் சமமாகும்? தொழிற்சங்கம் உள்ள எந்த ஊரிலும் மேல்பக்கம்தான். சேவையும் அப்படியே: ஓர் ஊருக்கு இலவசமாகக் கிடைத்ததை இன்னோர் ஊர் தனக்கும் கேட்கும். நகர நிதியியல் அறிஞர்களான எனிட் ஸ்லாக், ரிச்சர்ட் பர்ட் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தீயணைப்பு, குப்பை, பூங்கா-பொழுதுபோக்கு ஆகியவற்றில் வீட்டுக்கு ஆகும் செலவு இணைப்புக்குப் பின் கூடியதைக் காட்டினார்கள். பெரிய அளவால் மிச்சம் வரக்கூடிய போக்குவரத்தும் காவல்துறையும் அந்த இணைப்புக்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே மெட்ரோவில் இணைந்துவிட்டன. மிச்சம் எடுக்க மீதியிருந்தவை பெரும்பாலும் ஆள்பலத்தால் நடக்கும் உள்ளூர் வேலைகள். இரண்டு ஊரின் குப்பை வண்டிகளை ஒரே நிறத்தில் பூசுவதால் அவை ஓடும் தெருவின் நீளம் குறையாது.

சீரமைப்பு எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதற்குப் பனி ஒரு சாட்சி. பழைய புறநகர் மாநகராட்சிகள் நடைபாதைப் பனியைத் தாங்களே அள்ளின. பழைய டொரண்டோவின் உள்தெருக்களிலோ அது வீட்டுக்காரரின் வேலை. ஒரே மாநகராட்சியான பிறகும் இந்த வேறுபாடு இருபதாண்டுகளுக்குமேல் நீடித்து, 2021இல்தான் எல்லா இடத்துக்கும் நடைபாதைப் பனியகற்றல் விரிந்தது. காகிதத்தில் 1998இல் மறைந்த எல்லைக்கோடு, ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடைபாதையில் தெரிந்துகொண்டிருந்தது. தேர்தல்களிலும் தெரிந்தது. 2010இல் இடோபிகோவைச் சேர்ந்த ராப் ஃபோர்ட் மேயரானபோது, அவரை ஆதரித்த தொகுதிகளும் எதிர்த்த தொகுதிகளும் ஏறக்குறைய பழைய டொரண்டோவின் எல்லையை வரைபடத்தில் மறுபடி வரைந்தன.

ஒன்றை மறைக்கக் கூடாது. யார்க் போன்ற வரியடித்தளம் குன்றிய ஊர்களுக்கு இணைப்பால் நன்மை உண்டு. அவற்றால் தனியே தாங்க முடியாத நூலகத்தையும் பூங்காவையும் நகர மையத்தின் வணிகக் கட்டடங்களின் வரி தாங்கியது. ஸ்லாக்கும் பர்டும் இதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஏழை ஊருக்குப் பணக்கார ஊரின் வரி போய்ச் சேர வேண்டும் என்பது நல்ல நோக்கம். ஆனால் அரசு சொன்ன காரணம் அது அல்ல. அதைச் செய்ய நகரவைகளைக் கலைக்க வேண்டிய அவசியமும் இல்லை. மெட்ரோ அவை அதைத்தான் அதுவரை பாதியளவு செய்துகொண்டிருந்தது, பங்கீட்டை விரிவாக்கியிருக்கலாம்.

ஸ்கார்பரோவில் வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கதை அயலாருடையது அல்ல. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பெருமளவில் குடியேறிய இடம் அது. 1997இல் அவர்களில் பலர் இன்னும் குடியுரிமை பெறவில்லை. கனடாவில் உள்ளாட்சித் தேர்தலிலும் குடிமக்களுக்கே வாக்கு. ஆகவே தங்கள் நகரவை கலைக்கப்படுவதைப் பற்றி அவர்களில் கணிசமானோர் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. ஸ்டீல்ஸ் சாலைக்கு வடக்கே, இணைப்புக்கு ஆளாகாத மார்க்கத்தில், 2006இலேயே லோகன் கணபதி நகரவை உறுப்பினரானார். அதே சாலைக்குத் தெற்கே, தமிழர் தொகை அதிகமான டொரண்டோவில், முதல் தமிழ் உறுப்பினராக நீதன் சண் தேர்ந்தெடுக்கப்பட 2017ஆம் ஆண்டின் இடைத்தேர்தல் வரை ஆனது. இதற்கு இணைப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொகுதி பெரிதாகப் பெரிதாக, பணமும் பழைய பெயரும் இல்லாத புதியவர் வெல்வது கடினம் என்பது தேர்தல் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

அடுத்த ஆண்டே தொகுதி இன்னும் பெரிதானது. 2018 ஜூலையில், வேட்புமனுத் தாக்கல் முடியும் நாளில், டக் ஃபோர்டின் மாகாண அரசு டொரண்டோ நகரவையை 47 தொகுதிகளிலிருந்து 25 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. வேட்பாளர்கள் ஏற்கெனவே வாசல் வாசலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் தேர்தல். புதிய, பெரிய தொகுதியில் நின்ற நீதன் சண் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இன்று டொரண்டோவின் ஒரு நகரவை உறுப்பினர் சராசரியாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்குமேல் பொறுப்பு. தனி மேயரும் நகரவையும் வைத்திருந்த பழைய ஈஸ்ட் யார்க்கின் மொத்த மக்கள்தொகையைவிட அது அதிகம்.

அந்தக் குறைப்பை எதிர்த்தும் டொரண்டோ வழக்குத் தொடுத்தது. 2021 அக்டோபர் 1 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் மாகாணத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1997இல் கலைக்கப்பட்ட சிறு நகரவைகளுக்குச் சொன்ன அதே சட்டநிலையை, அவற்றை விழுங்கி உருவான பெரிய மாநகராட்சியும் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பெரிதானால் மாகாணத்திடம் குரல் வலுக்கும் என்பது இணைப்பை ஆதரித்தவர்களின் வாதங்களில் ஒன்று. அது நடக்கவில்லை.

இணைத்ததைப் பிரிக்க முடியுமா? மாண்ட்ரியல் தீவின் உள்ளாட்சிகளை கியூபெக் அரசு 2002இல் ஒன்றாக்கியது. ஆட்சி மாறியதும் 2004 ஜூனில் பழைய ஊர்களில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோடு, பதிவுபெற்ற வாக்காளர்களில் 35 விழுக்காட்டினரின் ஆதரவும் வேண்டும் என்பது நிபந்தனை. அதைத் தாண்டிய 15 ஊர்கள் 2006இல் தங்கள் நகரவைகளைத் திரும்பப் பெற்றன. ஒன்டாரியோவில் அந்த வழி திறக்கவில்லை. 2001இல் இணைக்கப்பட்ட கவார்த்தா லேக்ஸில் 2003 நவம்பரில் மக்கள் பிரிவதற்கே வாக்களித்தார்கள். மாகாணம் மறுத்துவிட்டது. 1996இல் ஒன்டாரியோவில் இருந்த 815 உள்ளாட்சிகள் 2001இல் 447 ஆகியிருந்தன. மறைந்தவற்றில் எத்தனை ஊரின் மக்கள் கேட்கப்பட்டிருந்தால் ஒப்பியிருப்பார்கள் என்பதற்கு விடை இல்லை, ஏனெனில் கேட்கும் கடமையே சட்டத்தில் இல்லை.

இணைப்பு எல்லா இடத்திலும் தவறு என்பது என் வாதமல்ல. சிதறிய சிறு ஊர்கள் தாமாகச் சேர விரும்பினால் சேரட்டும். ஆனால் ஓர் ஊரின் நகரவையைக் கலைக்கும் முன் அந்த ஊரை முறையான வாக்கெடுப்பில் கேட்க வேண்டும். அந்த முடிவு அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். மிச்சமாகும் என்று சொல்லும் தொகையை ஐந்தாண்டுக்குப் பின் தனித் தணிக்கையாளர் சரிபார்த்து வெளியிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட இன்று ஒன்டாரியோ சட்டத்தில் இல்லை. ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ வாக்குரிமையுள்ள வாசகர், அடுத்த மாகாணத் தேர்தலில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.